இரகசிய இலக்கம் யார் கையில்?

ரிவர்ஸ்டன் மலையில் காசு எடுக்கும் இயந்திரம் இல்லை. காற்றும் மூடுபனியும் இருக்கின்றன, உச்சியில் ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது, வார இறுதிகளில் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறும் வீதி மலையின் கழுத்தைக் கடந்து இலுக்கும்புர, பிட்டவல பத்தனைப் பக்கம் இறங்குகிறது. மேலேயுள்ள சிங்களக் கிராமத்தவரும் கீழேயுள்ள தோட்டத்து லயன்களில் இருக்கும் தமிழரும் வங்கி அலுவல் என்றால் இதே வீதியால்தான் இரத்தோட்டைக்கோ மாத்தளைக்கோ இறங்குகிறார்கள்.

சுற்றுலா பற்றி எழுதுவதற்காகக் கடந்த வருடம் அந்த வீதியில் சில நாட்கள் திரிந்தேன். அப்போது இரத்தோட்டையில் ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி பழக்கமானார். அஸ்வெசும காசு கணக்குகளுக்கு வந்த மறுநாள் காலை அவருடைய சேட்டுப் பையில் இறப்பர் பட்டி போட்ட ஒரு கட்டு இருந்தது. பதினொரு ஏ.ரி.எம். காட்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் சிறிய கடதாசித் துண்டு ஒட்டி, நான்கு இலக்கங்கள் எழுதியிருந்தன. ஒன்று லயத்தில் தனியாக இருக்கும் தாத்தாவுடையது, ஒன்று பக்கவாதம் வந்த அக்காவுடையது, இரண்டு மலைக்கு மேலேயுள்ள சிங்கள ஆச்சிமாருடையவை. காசை எடுத்து, பற்றுச்சீட்டோடு வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆளுக்கு நூறு ரூபாய் வாங்குவார். கொடுக்க முடியாதவர்களிடம் வாங்குவதில்லை. ஒரு கொப்பியில் கணக்கும் வைத்திருந்தார்.

அவர் நேர்மையானவர். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அடுத்த ஊரில் இதே வேலையைச் செய்பவரும் அப்படித்தானா என்று நான் கேட்டபோது, சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

சுயசேவை இயந்திரம் என்ற பெயரின் அர்த்தம், நம் அலுவலை இன்னொருவர் இல்லாமல் நாமே முடித்துக்கொள்ளலாம் என்பது. அதன் பூட்டு அந்த நான்கு இலக்கம். ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கி குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆனால் இயந்திரத்தைப் பார்க்க முடியாதவரும், அதன் உயரத்துக்கு எட்டாதவரும், திரையில் வருவதை வாசித்து முடிக்குமுன் நேரம் போய்விடுகிறவரும் இலக்கத்தை யாரிடமாவது சொல்லாமல் தங்கள் காசைத் தொட முடியாது. காசு காணாமற்போனால் ‘இலக்கத்தை ஏன் கொடுத்தீர்கள்?’ என்ற கேள்வியும் அவர்களிடம்தான் வரும். மகன், மருமகள், பக்கத்து வீட்டுப் பையன், சாரதி என்று காட் போகும் கைகள் மாறலாம். தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை மட்டும் அவரிடம் இல்லை.

முன்பு சமுர்த்தி வங்கிக்குப் போனால் மேசைக்கு அப்பால் ஒரு ஆள் இருந்தார். அவர் சில சமயம் எரிந்து விழுவார்தான். ஆனாலும் ‘எனக்குக் கண் தெரியவில்லை மகன், நீங்களே எழுதுங்கள்’ என்று சொல்ல ஒரு முகம் இருந்தது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும பயனாளிகளின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறது. இடைத்தரகர் இல்லாமற் போவது நல்லதே. நடந்தது என்னவென்றால், அரசியல்வாதியின் ஆள் போய், காட் கட்டு வைத்திருப்பவர் வந்திருக்கிறார்.

இரத்தோட்டையில் ஒரு வங்கியின் இயந்திரத்துக்கு முன்னால் கதைத்த பாட்டிக்கு எழுபதுக்கு மேல் வயது. கொழுந்து பறித்து ஓய்ந்தவர். ‘அந்தப் பொட்டியப் பாத்தாலே பயமா இருக்கு புள்ள. என்னமோ கேக்குது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறதுக்குள்ள காட்டத் துப்பிருது’ என்றார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மகளின் பெயர் எழுதிய மருந்துத் துண்டை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் வாசிக்கும் வேகத்துக்கு அந்தத் திரை காத்திருப்பதில்லை, அவ்வளவுதான்.

இன்னொருவருக்கு ஐம்பது வயது இருக்கும். 1977 கலவரத்துக்குப் பிறகு அவருடைய குடும்பம் மாத்தளைத் தோட்டமொன்றை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. அந்த ஆண்டிலும் 1983இலும் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன பல ஆயிரம் குடும்பங்களில் அதுவும் ஒன்று. பாதுகாப்புத் தேடிப் போன இடத்துக்கு யுத்தம் வந்ததை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் வலது கை முழங்கைக்குக் கீழே போனது, ஒரு கண் போனது, மற்றக் கண்ணில் மங்கல். இப்போது அக்காவின் லயத்தில் இருக்கிறார். ‘ஒத்தக் கையால காட்டப் போடலாம், நம்பர் அடிக்கலாம். காசு வெளிய வரும்போது காட்டும் வருது, சீட்டும் வருது. எதப் புடிக்கிறது? ஒருக்கா காசு திரும்ப உள்ள போயிருச்சு’ என்றார். எடுக்காத பணத்தைச் சில விநாடிகளில் இயந்திரம் தானே உள்ளிழுத்துக்கொள்ளும். வேறு யாரும் எடுத்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த விநாடிகளை எண்ணியவர்கள் இரண்டு கையும் உள்ள ஒருவரை மனதில் வைத்து எண்ணியிருக்கிறார்கள்.

இந்த இயந்திரம் எப்போதுமே யாரோ ஒருவரின் அளவுக்குத் தைத்த சட்டைதான். 1967 யூன் 27ஆம் திகதி இலண்டனின் என்பீல்டில் பார்க்லேய்ஸ் வங்கி தன் முதல் காசு இயந்திரத்தைத் திறந்தது. அதை உருவாக்கிய ஜோன் ஷெப்பர்ட்-பாரன் பிறந்தது இந்தியாவின் ஷில்லாங்கில். இரகசிய இலக்கத்தை ஆறு இலக்கமாக வைக்கத்தான் அவர் முதலில் நினைத்தார். சமையலறை மேசையில் மனைவியிடம் கேட்டபோது தன்னால் நான்கு இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்க முடியாது என்று அவர் சொன்னாராம். அதனால் நான்கானது என்று ஷெப்பர்ட்-பாரனே பின்னாளில் சொன்னார். ஒரு பெண்ணின் நினைவுக்கு ஏற்றபடி உலகத்து வங்கிகளின் பூட்டு அமைந்தது என்றால், இரத்தோட்டைப் பாட்டியின் வாசிப்பு வேகத்துக்கும் அது அமையலாம்.

எப்படி அமைக்கலாம் என்பது தெரியாத விடயமும் அல்ல. இரத்தோட்டையிலும் மாத்தளையிலும் நான் போன இயந்திரங்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன்.

முதலில் படி. கண்ணாடிக் கூண்டுக்குள் ஏற இரண்டு படி, சிலவற்றில் மூன்று. சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. கதவு வெளிப்பக்கம் இழுத்துத் திறப்பதாக இருந்தால் ஊன்றுகோலோடு நிற்பவர் ஒரு அடி பின்வாங்க வேண்டும். பின்னால் இருப்பதோ படி. அடுத்தது உயரம். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010ஆம் ஆண்டு நியமங்களின்படி, இருந்தபடி கை எட்டவேண்டிய பொத்தான்கள் 1,220 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. இயந்திரத்துக்குக் கீழே முழங்கால் நுழைய இடம் இல்லையென்றால் சக்கர நாற்காலியைப் பக்கவாட்டில்தான் நிறுத்த முடியும். அப்போது இலக்கம் அடிப்பதைத் தோளால் மறைக்கவும் முடியாது.

பொத்தான்களில் நல்ல விடயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 5இன் மேல் ஒரு சிறு புடைப்பு இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். அதை வைத்துப் பார்வையில்லாதவர் மற்ற ஒன்பது இலக்கங்களையும் கண்டுபிடித்துவிடுவார். பச்சைப் பொத்தானில் வட்டம், சிவப்புப் பொத்தானில் பெருக்கல் குறி. இவை அலங்காரத்துக்குப் போட்டவை அல்ல. நம்மில் பலர் பல வருடங்களாகத் தொட்டும் கவனித்திருக்க மாட்டோம்.

புதிதாக வரும் இயந்திரங்களில் இந்தப் பொத்தான்கள் குறைந்துகொண்டு போகின்றன. எல்லாம் கண்ணாடி. விரல் வைத்தால் வேலை செய்யும் தொடுதிரை. கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற தொடுதிரை தோலின் மின்கடத்தலை உணர்ந்துதான் இயங்குகிறது. பிளாஸ்ரிக் செயற்கைக் கை அதற்கு ஒரு கட்டைதான். பார்வையில்லாதவருக்கோ வழவழப்பான கண்ணாடியில் 5 எங்கே என்று தெரியாது. அவுஸ்திரேலியாவில் கொமன்வெல்த் வங்கி கடைகளுக்குக் கொடுத்த ‘அல்பர்ட்’ என்ற தொடுதிரைக் கருவி மேல் இதே காரணத்துக்காக வழக்குப் போனது. பொத்தான் இல்லாத கருவியில் இரகசிய இலக்கத்தை அடிக்க முடியாமல் கடைக்காரரிடம் சொல்லவேண்டியிருந்தது என்பதுதான் முறைப்பாடு. தொடுத்தவர்களில் ஒருவர் கிறஹாம் இன்னெஸ். அந்த நாட்டின் முன்னாள் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டு ஆணையாளர், தானும் பார்வையற்றவர். 2019 சனவரியில் வங்கி இணக்கத்துக்கு வந்தது. சிட்னியிலும் மெல்பேணிலும் உள்ள நம் உறவினர்கள் கடையில் அந்தக் கருவியைக் கண்டிருப்பார்கள்.

இனி குரல். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நான் பார்த்த ஓர் இயந்திரத்தில் இயர்போன் செருகும் துளை இருந்தது. பக்கத்தில் காது வடிவில் ஒரு குறியும் இருந்தது. என் கைத்தொலைபேசியின் இயர்போனைக் கழற்றிச் செருகினேன். ஒன்றும் பேசவில்லை. காட்டைப் போட்டேன். அப்போதும் பேசவில்லை. உள்ளே போய் உத்தியோகத்தரிடம் கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு துளை இருப்பதே தெரியாது, என்னோடு வெளியே வந்து பார்த்து ஆச்சரியப்பட்டார்.

அந்தத் துளை அங்கே வந்த கதை நீண்டது. கனடாவில் பார்வையற்ற தம்பதியான கிறிஸ் ஸ்ராக்கும் மேரி ஸ்ராக்கும் தங்களால் வங்கி இயந்திரத்தைப் பாவிக்க முடியவில்லை என்று 1984இல் மனித உரிமை ஆணைக்குழுவுக்கு முறையிட்டார்கள். 13 வருடங்களுக்குப் பிறகு, 1997 ஒக்டோபரில் ரோயல் பேங்க் ஒஃப் கனடா ஒட்டாவாவில் பேசும் இயந்திரம் ஒன்றைத் திறந்தது. இயர்போனைச் செருகினால் திரையில் வருவதை எல்லாம் வாசிக்கும். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அமெரிக்காவின் புதிய நியமங்கள் 2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது பேச்சு வசதி அங்கே கட்டாயமானது. உலகத்துக்கு இயந்திரம் விற்கும் பெரிய கம்பனிகள் சிலதான். அமெரிக்காவுக்கு விற்கும் மாதிரிகளில் துளை இருக்கவேண்டும் என்பதால் அதே மாதிரி வரும் பிற நாடுகளிலும் துளை வந்துவிடுகிறது. குரல் மட்டும் வருவதில்லை. குரல் ஒரு மென்பொருள். வாங்குகிறவர் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் துளை சும்மா கிடக்கும்.

பிரெய்ல் ஒட்டினால் போதாதா என்று ஒருவர் கேட்டார். போதாது, குறிப்பாக நமக்கு. சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களில் சிறுவயதில் பிரெய்ல் படித்தவர்களுக்கு அது உதவும். ஆனால் யுத்தத்தில் பார்வை போனவர்களில் பலருக்கு அது போனது இருபது, முப்பது, நாற்பது வயதில். அதே வெடியில் விரல் நுனியும் போனவர்கள் இருக்கிறார்கள். சலரோகத்தால் பார்வை போன முதியவர்களுக்கு விரல் உணர்வும் மங்கிவிடுவது உண்டு. இவர்கள் எல்லோருக்கும் எஞ்சியிருப்பது காது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. அவர்களில் பார்வைச் சிரமம் உள்ளவர்கள் மட்டும் கிட்டத்தட்ட 10 இலட்சம். இத்தனை பேரில் பிரெய்ல் வாசிப்பவர்கள் மிகச் சிறிய பகுதிதான்.

தமிழில் பேச வைப்பது கடினம் என்ற பதிலையும் ஏற்பதற்கில்லை. பார்வையற்ற நண்பர்கள் தங்கள் கைத்தொலைபேசியில் தமிழ்ச் செய்தியை இயந்திரக் குரலில் கேட்டுப் பல வருடமாகிறது. ஈஸ்பீக் என்ற இலவச மென்பொருளுக்கே தமிழ் தெரியும். வங்கி இயந்திரம் சொல்லவேண்டியதோ நாற்பது ஐம்பது வசனங்கள். ஒரு நாளில் ஒரு மனிதக் குரலிலேயே பதிவுசெய்து விடலாம்.

பதிவுசெய்யும்போது அந்த வசனங்களையும் திருத்தினால் நல்லது. நான் பார்த்த ஒரு திரையில் கணக்கில் உள்ள மிகுதியைப் பார்ப்பதற்கு ‘நிலுவை விசாரணை’ என்று இருந்தது. கிளிநொச்சியிலிருந்து திரும்பிய அந்த அண்ணனிடம் இதைச் சொன்னேன். ‘விசாரண எல்லாம் முடிச்சுத்தான் தம்பி இங்க வந்தேன்’ என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ‘கணக்கில் எவ்வளவு இருக்கிறது?’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ‘மீளப்பெறல்’ என்பதற்குப் பதிலாக ‘காசு எடுக்க’ என்று போட்டால் பாட்டி எழுத்துக் கூட்டவேண்டிய எழுத்துகளும் குறையும்.

இத்தனைக்கும் இயந்திரத்திலிருந்து வெளியே வரும் காசு பார்வையற்றவர்களை மறக்கவில்லை. இலங்கை மத்திய வங்கி 2010ஆம் ஆண்டுத் தொடராக வெளியிட்ட நோட்டுகளை எடுத்துப் பாருங்கள். அகலம் எல்லாவற்றுக்கும் 67 மில்லிமீற்றர், நீளம் மட்டும் பெறுமதி கூடக்கூட 5 மில்லிமீற்றர் கூடும். 20 ரூபாய் நோட்டு 128 மில்லிமீற்றர், 5,000 ரூபாய் நோட்டு 153. தடவி அறியும் புள்ளிகளும் உண்டு. இந்தப் பணத்தைப் பார்வையில்லாத ஒருவரும் எண்ணுவார் என்று கொழும்பில் யாரோ ஒரு மேசையில் இருந்து யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை நோட்டோடு நின்றுவிட்டது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் பற்றி அவை பேசுகின்றன. அவை ஏட்டில் கிடந்தபோது கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போனார். அவர் இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவராகவும் இருந்தவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம் அவருடைய அடிப்படை உரிமை மனுவில் கட்டளை பிறப்பித்தது. புதிய பொதுக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் பாவிக்கக்கூடியவையாக இருக்கவேண்டும், மீறுவது தண்டனைக்குரியது என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு கட்டிய வங்கிக் கிளைகளின் வாசற்படிகளை வடக்கிலும் மலையகத்திலும் நீங்களே போய் எண்ணிப் பார்க்கலாம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரையில் நம் முச்சக்கரவண்டிக் கதைக்கு நேரே பொருந்தும் ஒரு பகுதி உண்டு. தங்கள் சொந்த நிதி அலுவல்களைத் தாங்களே கட்டுப்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை இருப்பதை அரசு உறுதிசெய்யவேண்டும் என்பது அதன் கருத்து. நல்ல வாசகம். ஆனால் சர்வதேச ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டமாக மாறாதவரை இரத்தோட்டை வங்கி முகாமையாளரின் மேசைக்கு அது வராது.

இந்தியாவில் நடந்தது இங்கே கவனிக்கவேண்டியது. இந்திய ரிசர்வ் வங்கி 2009இல் புதிய இயந்திரங்களில் மூன்றில் ஒரு பங்கேனும் பேசும் வசதியும் பிரெய்ல் பொத்தான்களும் உள்ளவையாக இருக்கவேண்டும் என்றது. யூனியன் வங்கி 2012 யூனில் அகமதாபாத்தில் பார்வையற்றோர் சங்க வளாகத்தில் பேசும் இயந்திரம் வைத்தது. 2014 யூலை 1 முதல் நிறுவப்படும் எல்லாப் புதிய இயந்திரங்களும் பேசவேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பழையதை உடைக்கச் சொல்லவில்லை. இனி வாங்குவதைச் சரியாக வாங்கு என்றது. இயந்திரம் எப்படியும் சில வருடங்களில் பழுதாகி மாறும், அப்போது செலவு தனியாகத் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியமும் இதே வழியில்தான் போயிருக்கிறது. அங்கே அணுகுவசதிச் சட்டம் 2025 யூன் 28 முதல் காசு இயந்திரங்களுக்கும் பயணச்சீட்டு இயந்திரங்களுக்கும் பொருந்துகிறது. ஏற்கெனவே இருப்பவற்றுக்கு நீண்ட அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். 20 வருடம் வரை என்பது எனக்கு அதிகமாகப் படுகிறது. பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருப்பவரின் அம்மாவுக்கு 20 வருடம் என்பது என்ன கணக்கு?

இந்தியாவில் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று சொல்லவரவில்லை. காட் போய்க் கைத்தொலைபேசி வந்ததும் அதே சுவர் வேறு வடிவத்தில் எழுந்தது. அசிட் வீச்சில் உயிர்தப்பிய பிரக்யா பிரசூன் வங்கிக் கணக்குத் தொடங்கப் போனபோது, உயிரோடு இருப்பவர்தான் என்று காட்டக் கமராவுக்கு முன் கண் சிமிட்டச் சொன்னார்கள். காயத்தால் அவரால் சிமிட்ட முடியாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30இல் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வில் தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது, 20 பணிப்புரைகளையும் விதித்தது.

இதை நம் வாசகர்கள் இப்போதே கவனிக்கக் காரணம் உண்டு. இலங்கையில் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியோடு நடக்கிறது. விரல் ரேகை, கருவிழி, முகம் மூன்றையும் பதிவதாகத்தான் திட்டம். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்கள், எறிகணையில் போன கைகள், கண்கள் என்று எங்கள் மக்களில் எத்தனை பேர்! ஒன்று இல்லாவிட்டால் மற்றதால், எதுவும் சரிவராவிட்டால் ஒரு உத்தியோகத்தரின் கையால் அலுவலை முடிக்கும் வழி தொடக்கத்திலேயே வேண்டும். எல்லாம் வாங்கி முடித்த பிறகு கேட்டால், இத்தனை கோடி செலவழித்தாயிற்று என்ற பதில்தான் வரும்.

இயந்திரத்தைத் திருத்துவது மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். ஸ்பெயினில் வலென்சியாவைச் சேர்ந்த கார்லோஸ் சான் ஹுவான் ஓய்வுபெற்ற மருத்துவர், 2022இல் 78 வயது. நடுக்க நோய் உள்ளவர். வங்கிகள் கிளைகளை மூடி எல்லாவற்றையும் இயந்திரத்துக்கும் செயலிக்கும் மாற்றியபோது, ‘எனக்கு வயதாகிவிட்டது, நான் முட்டாள் அல்ல’ என்ற தலைப்பில் மனு தொடங்கினார். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். 2022 பெப்ரவரியில் ஸ்பெயின் வங்கிகள் முதியவர்களுக்கு முகாமுகச் சேவை நேரத்தை நீட்டவும் இயந்திரங்களை எளிமையாக்கவும் உடன்பட்டன. அவர் இயந்திரத்தை எதிர்க்கவில்லை. ஒரு மனிதரும் இருக்கட்டும் என்றார். கீழே மாத்தளைக்கு இறங்கப் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு சிங்கள ஆச்சியும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். காட் வேண்டாம், புத்தகமும் பேசுவதற்கு ஒரு ஆளும் போதும், ஆனால் காசாளரிடம் போனால் ‘ஏ.ரி.எம்.முக்குப் போங்கள்’ என்று திருப்பிவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை.

யாரிடம் கேட்பது? மத்திய வங்கி 2023 ஓகஸ்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டிருக்கிறது. அங்கே நிதி நுகர்வோர் தொடர்புத் திணைக்களம் என்று ஒன்று உண்டு, தமிழிலும் எழுதலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. இவற்றைவிட எளிதாக எனக்குப் படுவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். இலங்கை வங்கியும் மக்கள் வங்கியும் தேசிய சேமிப்பு வங்கியும் அரச நிறுவனங்கள். கேள்விக்குப் பதில் தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன் பிறகு ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பம் தமிழில் இருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

மாத்தளை மாவட்டத்துக்காக நான் எழுதிய கேள்விகளை இங்கே தருகிறேன். ஊர்ப் பெயரை மாற்றி முல்லைத்தீவிலும் மூதூரிலும் பாவிக்கலாம். இந்த மாவட்டத்தில் உங்கள் வங்கிக்கு எத்தனை தன்னியக்க இயந்திரங்கள் உள்ளன? அவற்றில் படியில்லாமல் அணுகக்கூடியவை எத்தனை? இயர்போன் துளை உள்ளவை எத்தனை, அவற்றில் தமிழிலும் சிங்களத்திலும் பேசுபவை எத்தனை? கடைசியாக இயந்திரம் வாங்கிய கேள்விமனு ஆவணத்தில் பேச்சு வசதி கேட்கப்பட்டதா? அடுத்த கொள்வனவு எப்போது?